மரத்துக்குக் கட்டுப் போட்ட நைனா

எலும்பு முறிந்தவர்கள் எல்லாரும் கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூருக்குத்தான் ஓடுவார்கள். அந்தப் புத்தூரிலேயே வித்தையைக் கற்றுக்கொண்டு வந்து, மனிதர்களை விட்டுவிட்டு மரங்களுக்குக் கட்டுப் போட்ட ஆள் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பாலசமுத்திரத்துக் கட்டு நைனா.

ஊருக்கு வெளியே கல்லும் முள்ளுமாகக் கிடந்த மேட்டில் புங்கன், நாவல், வேம்பு என்று நட்டு ஒரு காட்டையே உண்டாக்கிக்கொண்டிருந்தார். மாடு உரசி மரக்கன்று ஒடிந்தால் போச்சு. மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, கிழிந்த வேட்டி சகிதம் வைத்தியம் தொடங்கிவிடும். ஒருநாள் என் மனைவியிடம் முட்டை வாங்கிப் போனவர், சற்று நேரத்தில் மஞ்சள்கருவை மட்டும் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினார்.

"இது மரத்துக்கு ஆவாதும்மா. நீங்க துன்னுங்க."

"மரத்துக்குப் போக மிச்சந்தான் நமக்கா?" என்று அவள் அன்று முழுக்க என்னைப் போட்டு வாட்டினாள்.

ஆனால் காடு வளர்ந்தது. வறண்டு கிடந்த கிணற்றில் தண்ணீர் நின்றது, அடுப்புக்குச் சுள்ளி கிடைத்தது, மயில்கள் வந்தன.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம் அது. நாம் ஆந்திராவா மெட்ராஸா என்று டீக்கடையில் தினமும் சண்டை. நைனாவின் கவலையே வேறு.

"கோடு எந்தப் பக்கமாவது போவட்டும்பா. மரத்து மேல போவாம இருந்தா சரி."

மரத்து மேலேயேதான் போனது. அளக்க வந்த சர்வேயர், பார்வையை மறைக்கிற மரங்களை மறுநாளே வெட்டச் சொல்லிவிட்டார். அவற்றின் நடுவே ஒரு புதரில் பெட்டை மயில் அடைகாத்துக்கொண்டிருந்தது. நைனா காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் அவர் மசியவில்லை.

விடிந்ததும் நைனா வீடு வீடாக வந்து வேட்டி, புடவை கேட்டார். எதற்கு என்று கேட்காமலே கொடுத்தோம். கோடாரியோடு ஆட்கள் வந்தபோது, வெட்ட வேண்டிய மரம் அத்தனையும் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றது.

ஆட்கள் எல்லாரும் புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். கோடாரியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"கட்டு போட்டவங்க கைதான் சார் அவுக்கணும். அதுக்கு முன்னால யாரும் தொடக்கூடாது" என்றான் ஒருவன்.

"ஏமய்யா, மரத்துக்குக்கூடவா?" என்று கத்தினார் சர்வேயர்.

"எதுக்கா இருந்தா இன்னா சார், கட்டு கட்டுதானே!"

சர்வேயர் நைனாவிடம் திரும்பினார். "எப்பய்யா அவுப்பே?"

"நோவு பூட்ச்சின்னு அது சொல்லணும் சார். கேட்டுக்கினுதான் இருக்கேன்."

சர்வேயர் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மரங்களை விட்டு ஒதுங்கி, சுற்றிப் போய் அளந்து முடித்தார்கள். ஊரே அப்பாடா என்று மூச்சு விட்டது.

நைனா புதருக்குள் எட்டிப் பார்த்தார். மயில் முட்டைகளை விட்டு அசையாமல் அடைகாத்துக்கொண்டிருந்தது. அவரும் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். எதிரே நாவல் மரத்தைச் சுற்றியிருந்தது என் கல்யாண வேட்டி. என் மனைவிதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்று இருந்திருந்தால், அதையும் நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.