வேலைச் சத்தம்

இனிமேல் ஆபீஸ் நேரத்தில் ஒரு துணிகூட மடிக்க மாட்டேன் என்று நம்ம ஆள் தீர்மானம் போட்டுவிட்டார். மனசுக்குள்ளேதான். வெளியே சொல்லுகிற அளவுக்கு அவருக்கு இன்னும் பைத்தியம் முற்றவில்லை.

ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ரிப்போர்ட் எழுதுகிறவர். முக்கால்வாசி வேலை காலையிலேயே முடிந்துவிடும். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் சதுரங்கப் போட்டி பார்ப்பார். உலகத்தில் அவருக்கென்று இருந்த சுகம் அந்த இரண்டு மணி நேரம்தான். அதற்குத்தான் வந்தது ஆபத்து, வீட்டு அம்மணி ரூபத்தில்.

"ஏங்க, சும்மாதானே இருக்கீங்க? இந்தத் துணியைக் கொஞ்சம் மடிச்சு வைங்களேன்."

"சும்மாவா? வேலை பார்த்துக்கிட்டிருக்கேன்!"

"சத்தமே கேக்கலையே?"

குற்றவாளி யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. அட்டை மாதிரி மெல்லிசான அந்தப் புது கீபோர்டுதான். பூனை நடக்கிற சத்தம்கூட அதிலிருந்து வராது. அம்மணி டைப்பிங் வகுப்பு நடத்துகிறவர். அங்கே கழித்துப்போட்ட பழைய கீபோர்டு ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒரு தட்டு தட்டினால் நாலு வீடு கேட்கும். சத்தம் வந்தால் வேலை. வேலை இருந்தால் துணி கிடையாது!

ஆனால் அதன் வாலில் இருந்ததோ உருண்டை முளை. இன்றைய கம்ப்யூட்டரில் அதற்கு ஓட்டை ஏது? அது பேசுவது இதற்குப் புரியாது. நடுவில் எடுத்துச் சொல்ல ஒரு கன்வர்ட்டர் வேண்டும். கட்டைவிரல் அளவு சர்க்யூட் போர்டு, நாலு ஒயர், ஒரு புரோகிராம். நம்ம ஆள் படித்தார், ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தார், விரலைச் சுட்டுக்கொண்டார். இரண்டு ஒயரை மாற்றி வைத்துவிட்டு ஒரு நாள் பூராவும் கீபோர்டைத் திட்டினார். அஞ்சாம் நாள் ஒரு எழுத்தைத் தட்டினார். திரையில் அதே எழுத்து வந்து நின்றது. மனுஷன் சிரித்த சிரிப்பில் கண்ணே கலங்கிவிட்டது.

அன்று மத்தியானம் கண் போட்டியில், கை கீபோர்டில். டக்டக்டக்டக்! வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். இவர் கைக்கு வந்ததைத் தட்டினார். கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து நிற்கும், திரும்பிப் போகும். துணியைப் பற்றிப் பேச்சே இல்லை. மூணாம் நாள் டீயே வந்தது.

"பாவம், எவ்வளவு வேலை!"

"என்ன பண்றது? உயிரை வாங்கறாங்க."

"ஒண்ணு கேக்கட்டுமா? உங்க ரிப்போர்ட்ல வார்த்தைக்கு நடுவுல இடமே விடமாட்டீங்களா?"

"ஏ... ஏன்?"

"ஸ்பேஸ் பார் மட்டும் தனியா 'தொம்'னு கேக்கும். மூணு நாளா ஒரு தொம்கூட வரலையே."

முப்பது பேர் ஒரே நேரத்தில் தட்டினாலும் யார் எங்கே கோட்டை விட்டார் என்று சொல்லிவிடும் காது அது. பதினெட்டு வருஷக் காது. இதை எப்படித்தான் மறந்து தொலைத்தாரோ!

"அது வந்து... ஒரே நீளமான வார்த்தை. சட்ட வார்த்தை."

அம்மணி தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் நம்ம ஆள் ஜாக்கிரதையாக நாலு எழுத்துக்கு ஒரு தொம் போட்டார். அரை மணியில் கதவு திறந்தது.

"இன்னைக்கு இடம் விடறீங்க, சந்தோஷம். ஆனா ஒரு எழுத்தைக்கூட அழிக்கலையே? மளிகை லிஸ்ட்டையே ஏழு தடவை திருத்துற ஆளாச்சே நீங்க!"

அதற்கு மேல் அவரிடம் பொய் ஸ்டாக் இல்லை.

"எப்போ தெரிஞ்சது உனக்கு?"

"முதல் நிமிஷமே."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"கன்வர்ட்டரைச் செஞ்சு முடிச்சப்போ உங்க முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க அப்படிச் சிரிக்கலை. ரெண்டு நாள் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

நம்ம ஆள் உருகிப்போனார். இப்பேர்ப்பட்டவளையா ஏமாற்றப் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"இனிமே நீ என்ன சொன்னாலும் செய்யறேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

"நிஜமாவா?" அம்மணி கதவை அகலமாகத் திறந்தார். ஹால் முழுக்கப் பழைய கீபோர்டுகள், இடுப்பளவு உயரத்துக்கு.

"வகுப்பிலேருந்து வந்திருக்கு, இருபத்திமூணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கன்வர்ட்டர் பண்ணிக் குடுத்துடுங்க. நேரமில்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னு நாலு நாளா கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்!"