சொல்லுக்குப் பூர்வீகம் சொல்பவர்

நம்மிடையே ஓர் இனத்தார் உண்டு; யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதன் பூர்வீகத்தைச் சொல்லாவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது. கதிரையில் இருங்கள் என்றால், கதிரை போர்த்துக்கீசரிடம் வாங்கியது என்று சொல்லிவிட்டுத்தான் இருப்பார்கள். பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனால் பாணுக்கும் அதே கதை. கக்கூசு எங்கே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்கும் விருந்தாளியை மறித்து வைத்து, அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்று விளக்குவார்கள். விருந்தாளி அதையா கேட்டார்?

வெள்ளவத்தை நாகேந்திரம் இந்த இனத்தில் முற்றிய ஆள். அவர் மனைவி பத்மாவதி எல்லாவற்றையும் சகித்துக்கொண்டுதான் வந்தார், ஒரு காலைச் சுற்றிவளைப்பில் தன் தம்பி ஸ்ரீஸ்கந்தராசாவைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போகும்வரை. கப்பல் கொம்பனியொன்றில் கிளாக்கர் அவன். குற்றம்? பையில் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை. அதில் பரசூட்டோடு குதிக்கும் ஒருவனின் படம், மேலே 'பேஸ் ஜம்பிங்' என்று கொட்டை எழுத்து. யுத்த காலத்தில் பரசூட்டைக் கண்டு சும்மா விடுவார்களா?

பொலிசுக்குப் போகும் வழி நெடுகப் பத்மாவதி கெஞ்சினார். "இஞ்சேருங்கோ, அங்கை போய் ஒண்டையும் விளங்கப்படுத்தாதேங்கோ. அவனைக் கூட்டிக்கொண்டு வருவம், அவ்வளவுதான்."

"ஓமப்பா. எனக்கென்ன விசரே?"

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். படத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஏதோ விளையாட்டுத்தானே, மாத்தையா. கூட்டிக்கிட்டுப் போங்க."

தம்பி செருப்பை மாட்டினான். பத்மாவதி மனதுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார். கதவுவரை வந்தாயிற்று. ஆனால் அந்த 'ஏதோ' நாகேந்திரத்தைக் குத்திவிட்டது. திரும்பினார்.

"ஏதோ எண்டு விடேலாது, சேர். பேஸ் எண்டது இங்கிலீசிலை நாலு எழுத்து. எங்கையிருந்து குதிக்கிறது எண்டதுக்கு ஒவ்வொரு எழுத்து. பி எண்டால் உயரமான கட்டடம். ஏ, அன்ரெனாக் கோபுரம். எஸ், பாலம்..."

கொழும்பில் ஆமி காவல் நின்ற இடங்களும் அவைதான். இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது.

"கட்டடம், அன்ரெனா, பாலம்," என்று மெதுவாகத் திரும்பச் சொன்னார். பிறகு தம்பியைப் பார்த்தார். "நீ இரி."

தம்பி ஒரு கிழமை கழித்து, புதுக்கடைக் கோட்டுச் சட்டத்தரணி ஒருவரின் தயவில்தான் வெளியே வந்தான். அந்தக் கிழமை முழுவதும் பத்மாவதி புருஷனுக்குச் சாப்பாடு போட்டார்; முகம் கொடுக்கவில்லை. நாகேந்திரத்துக்கோ நாலாவது எழுத்தைச் சொல்ல விடவில்லையே என்றுதான் கவலை.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள்: இவ்வளவு நேரமும் உங்கள் மனம் பொலிஸ் மறியலில் அடைபட்டுக் கிடந்த அந்தப் பாவியை நினைத்ததா, இல்லை, நாலாவது எழுத்து என்னவாக இருக்கும் என்று தேடியதா?