சாவி நம்ம கையில

நாலாயிரத்து இருநூறு ஜாதகங்களும் காலை பத்து இருபதுக்குத் திறக்க மறுத்தன.

கிழக்குத் தாம்பரம் 'மணவோலை' திருமணத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அருள்மேரிதான். வரன்களின் விவரமெல்லாம் கிளவுடில், என்கிரிப்ட் செய்யப்பட்டு இருந்தது. சாவி இல்லாமல் பார்த்தால் வெறும் கிறுக்கல். அந்தச் சாவியைக் கிளவுட் கம்பெனியே வைத்துக்கொள்ளும் என்றபோது முதலாளி பூவராகன் ஒத்துக்கொள்ளவில்லை.

"நம்ம பூட்டுக்கு ஊரான் கையில சாவியா? நம்ம கையிலதான் இருக்கணும்."

சாவியை மாற்றி வருஷம் ஒன்று ஆகிவிட்டதே என்று இன்று அருள்மேரி புதுச் சாவி உருவாக்கினாள். பழையதை நிறுத்தினாள். இடையில், புதுச் சாவியை டேட்டாபேஸோடு இணைக்க மறந்துபோனாள்.

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் முப்பது வயது மகனோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப நேரம் ஆகுமாம்மா?"

"ரெண்டே நிமிஷம்மா, சர்வர் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"சீக்கிரம் பாருங்க. இதுக்கு மேல இவனால பொறுக்க முடியாது."

அருள்மேரிக்கு அவன்மேல் இரக்கமாகிவிட்டது. அவசரமாகப் பழைய சாவியை இயக்கப் போனவள், அதற்கு அடுத்த பட்டனை அழுத்திவிட்டாள். 'இந்தச் சாவி ஏழு நாளில் நிரந்தரமாக அழிக்கப்படும்' என்றது திரை.

"மாதாவே!"

சாவி அழிந்தால் அத்தனை ஜாதகமும் என்றென்றைக்கும் கிறுக்கல்தான். முதலாளிக்குப் போன் போட்டாள். அவர் பெருங்களத்தூரில், பண்டிகைக் கூட்டத்தில் காரோடு மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், தெரியாம பழைய சாவிய அழிக்கச் சொல்லிட்டேன். இப்பவே கேன்சல்..."

"இன்னாது? கைய எடும்மா! எதையும் தொடாதே!"

அடுத்த நொடி அவள் திரையில் 'கேன்சல்' பட்டன் மங்கிப்போனது. முதலாளி காரில் இருந்தபடியே தன் போன் வழியாக அவளுடைய அனுமதியைப் பறித்துவிட்டார்.

"சார், கேன்சல் பண்ணத்தான் போனேன். இனிமே நீங்கதான் பண்ணணும்."

"பத்திரமா இருக்கட்டும்னு நானும் லாக் அவுட் பண்ணிட்டேனே."

மறுபடி உள்ளே நுழைய ஓடிபி வேண்டும். அது போவது பொழிச்சலூர் வீட்டில் இருக்கும் அவர் மனைவி சுப்புலட்சுமியின் போனுக்கு.

இதற்கிடையில் அந்த அம்மாள் பேச ஆள் கிடைத்த தெம்பில் ஆரம்பித்துவிட்டாள். "ரெண்டு மூணு இடத்துல பார்த்துட்டோம்மா, ஒண்ணும் சரிப்படல. இவனும் பயந்து பயந்து ஒரு வருஷம் தள்ளிப் போட்டுட்டான்."

"முதல்ல எல்லாரும் அப்படித்தாம்மா. அப்புறம் பழகிடும்" என்று சொல்லிக்கொண்டே அருள்மேரி முதலாளியையும் அவர் மனைவியையும் ஒரே போன் அழைப்பில் இணைத்தாள்.

"சுப்பு, ஓடிபி வந்துச்சா?" என்றார் பூவராகன்.

"வந்துச்சு. சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"எங்க வூட்டுக்காரர் குரல்லயே பேசி ஏமாத்துவாங்கன்னு அவரே சொல்லியிருக்காரு."

"நான்தான்டி!"

"அப்படியா? நேத்து சாம்பார் எப்படி இருந்துச்சு?"

பூவராகன் பயந்து, "அமிர்தம்" என்றார்.

"நினைச்சேன். மோசடிக்காரன்!"

"ஐயோ வைக்காதே! உப்பே இல்ல! வாயில வைக்க முடியல!"

"நீங்கதான். எழுதிக்கோங்க, நாலு ஒண்ணு எட்டு..."

பூவராகன் உள்ளே நுழைந்து அனுமதியைத் திருப்பித் தந்தார். அருள்மேரி அழிப்பை ரத்து செய்தாள். பழைய சாவியை இயக்கினாள், ஒவ்வொரு பட்டனையும் இரண்டு முறை வாசித்த பிறகு. கால் மணி நேரத்தில் நாலாயிரத்து இருநூறு பேரும் நட்சத்திரம், ராசி, சம்பளத்தோடு திரும்பி வந்தார்கள்.

அருள்மேரி நெற்றி வேர்வையைத் துடைத்தாள். இவ்வளவு பாடும் யாருக்காகப் பட்டாளோ, அந்த அம்மாளைப் பார்த்து மலர்ந்து சிரித்தாள்.

"எல்லாம் சரியாயிடுச்சும்மா. பையனோட பதிவு எண் சொல்லுங்க."

"டோக்கன் நம்பரா? பதினாலு. மாடியில உட்கார இடமில்லன்னு இங்க வந்து உட்கார்ந்தோம். பல் டாக்டர் வந்துட்டாராம்மா?"