சமூகப் பொறுப்பு மேனேஜரும் ஒரு சுவரும்

உலகத்தில் பொறுப்பானவர்கள் உண்டு, பொறுப்பற்றவர்கள் உண்டு. கட்டுமானக் கம்பெனிகளில் மட்டும் மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: சமூகப் பொறுப்பு மேனேஜர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரையடிக் கன்று ஒன்றை நடுவதற்குப் பத்துப் பேரைக் குனியவைத்து, "மண்ணைப் பார்க்காதீங்க, கேமராவைப் பாருங்க!" என்று கத்துகிறவர் அவர்தான்.

நம்முடையவர் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் இருந்தார். அங்கே சமூகப் பொறுப்பு என்றால் கணக்குப் பிரிவுக்கு வரிச் சலுகை, இன்ஜினீயர்களுக்கு அரை நாள் ஓய்வு, டிரைவருக்குப் புது டி-ஷர்ட், கொத்தனாருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம். மேனேஜருக்கோ அது உயிர்மூச்சு. வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னால்கூட, "சமுதாயமே தாகத்துல தவிக்குது, நீ குழாயைப் பத்திப் பேசற!" என்பார்.

அந்த வருட விழாவுக்கு ஒரு பயனாளி தேவைப்பட்டார். ஏழையாக இருக்க வேண்டும். ஆனால் போட்டோவுக்கு லட்சணமாக இருக்க வேண்டும். நன்றி சொல்லத் தெரிய வேண்டும்; அதற்குமேல் பேசத் தெரியக் கூடாது. அலையாமல் கொள்ளாமல் பக்கத்திலேயே கிடைத்தார், தையல்காரம்மா. கம்பெனி அஸ்திவாரக் குழி தோண்டிய அதிர்வில் அவர் வீட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. அதைச் சொல்ல அவர் ஆபீசுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். "அது சட்டப் பிரிவும்மா, நான் சமூகப் பிரிவு" என்று திருப்பி அனுப்பிய மேனேஜர், இப்போது தாமே தேடிப் போனார்.

"அம்மா, உங்களுக்கு ஒரு தையல் மிஷின் தர்றோம்."

"மிஷின் இருக்கே சார். சுவரு என்னாச்சு?"

"முதல்ல விழாவுக்கு வாங்க. முதலாளியே வர்றாரு."

தையல்காரம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்படியா? கண்டிப்பா வர்றேன்."

அந்தக் 'கண்டிப்பா'வில் மேனேஜருக்கு நன்றியுணர்ச்சி கேட்டது. காதில் என்ன கோளாறோ!

விழா மேடையில் மிஷினின் ஒரு பக்கத்தை முதலாளி பிடித்தார், மறுபக்கத்தைத் தையல்காரம்மா பிடித்தார். மேனேஜர் கண்கலங்கியபடி மைக்கை அவர் வாயருகே நீட்டினார்.

"ரொம்ப நன்றிங்க. ஆனா இதை வைக்க இடமில்லீங்க. நீங்க தோண்டின குழியில என் வீட்டுச் சுவரு பொளந்துபோச்சு. எப்ப விழுமோன்னு புள்ளைங்களை அந்தப் பக்கமே விடறதில்லை. ஒரு எட்டு வாங்க, பார்த்துட்டு வந்து போட்டோவுக்குச் சிரிப்போம்."

சொல்லிவிட்டு மிஷினை அவர் விடவில்லை. முதலாளியாலும் விட முடியவில்லை. விட்டால் காலில் விழும்.

மேனேஜர் பாய்ந்துபோய் முதலாளியின் காதில், "சார், அந்த விரிசல் மேல நம்ம பேனரைக் கட்டிடலாம், அளவு சரியா இருக்கும்" என்று கிசுகிசுத்தார். கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

முதலில் கொத்தனார் சிரித்தார். பிறகு இன்ஜினீயர்கள், டிரைவர், கடைசியில் கணக்குப் பிரிவே சிரித்தது. முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. "நாளைக்கே ஆள் அனுப்பி அந்தச் சுவரைக் கட்டுய்யா!"

கட்டினார்கள். வேலை முடிந்ததும் மேனேஜர் கேமராவோடு போனார். நின்று எடுத்தார், உட்கார்ந்து எடுத்தார், நாற்காலி போட்டு ஏறியும் எடுத்தார். எப்படி எடுத்தாலும் வெறும் சுவர். பிள்ளைகள் அதில் முதுகைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது, எடுத்தா ஒண்ணுமே தெரியலையே!" என்றார் வேதனையோடு.

"ஒண்ணும் தெரியாம இருந்தாத்தான் சார் அது சுவரு" என்றார் தையல்காரம்மா.

ஆண்டறிக்கையில் அந்தச் சுவர் இடம்பெறவில்லை.

நீங்கள் இந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சின்னச் சந்தேகம். போன மழைக்கு யாருக்கோ போர்வை கொடுத்தீர்களே, அதைக் கையில் எடுக்குமுன் உங்கள் போனை யார் கையில் கொடுத்தீர்கள்?