சமையலறைச் சன்னலில் வைத்த மைக்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாக இதைப் படித்து முடித்த பிறகும்.

ஓய்வுபெற்றோர் சங்கத்துக்காக நான் மாப்பிள்ளையைப் பேட்டி எடுத்த வீடியோவை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போட வேண்டும். ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்த மனிதரை இதுவரை யாரும் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் பேசியது சபையில் தெளிவாகக் கேட்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. தவறு என்னுடையது. மைக்கைச் சட்டையில் மாட்டினால் இஸ்திரி கலையும் என்று அவர் தயங்கியதால், பக்கத்துச் சன்னல் விளிம்பில் வைத்தேன். அது உன் சமையலறைச் சன்னல் என்பது, வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோன் மாட்டிய பிறகே உறைத்தது. "லிஃப்ட் பாதியில நின்னுபோச்சு, உள்ள ஆறு பேரு" என்று மாப்பிள்ளை எங்கோ தூரத்தில் சொல்கிறார். "நாலு பேருதான். மத்த ரெண்டு பேரு நீங்க வீடு வந்து சேர்றதுக்குள்ள ஏறிக்கிட்டாங்க" என்று நீ என் காதுக்குள்ளேயே சொல்கிறாய். "நான் தன்னந்தனியா மேல ஏறி..." என்கிறார். "டார்ச் அடிச்ச ஆளு காத்துல கரைஞ்சுட்டாரா?" என்கிறாய்.

இரைச்சலை நீக்கும் மென்பொருளைப் போட்டேன், இரைச்சல் மட்டும் உள்ள இடத்தைக் காட்டும்படி கேட்டது. ஃபேனும் ஃபிரிட்ஜும் மட்டும் ஓடிய இடத்தைக் காட்டினேன். அவை ஒழிந்தன, அவை இதுவரை மறைத்துவைத்திருந்த உன் மற்ற கருத்துகளும் இப்போது தெளிவாகக் கேட்கின்றன. கீச்சுக் குரலைக் குறைத்துப் பார்த்தேன். நீ அடங்கவில்லை, மாப்பிள்ளைதான் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுகிறார். கடைசியில் நீ பேசும் இடங்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். இருவரும் சேர்ந்து பேசும் இடங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படி இல்லாத இடமும் குறைவு.

ஆகவே, நீ கோபிக்கமாட்டாய் என்றால், சனிக்கிழமை மாப்பிள்ளையை மட்டும் அனுப்பிவை. பதில்களை மறுபடி பேசவைத்து வாயசைவோடு பொருத்திவிடுகிறேன். உன்னை இரைச்சல் என்று நான் சொல்லவில்லை. மென்பொருளும் அப்படி நினைக்கவில்லை, அதுதான் சிக்கல்.

உங்கள் இருவருக்கும் உடல்நலமும், ஒருவர்மேல் ஒருவருக்குப் பொறுமையும் நிலைக்கட்டும்.

தயங்கியபடியே,
உன் அண்ணன்

பி.கு.: மாப்பிள்ளையை அனுப்ப வேண்டாம். உறையை ஒட்டுமுன், உன் குரலை வெட்டிய பகுதியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். மனிதர் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் சன்னல் பக்கம் திரும்பிக் காத்திருக்கிறார், பிறகு சிரிக்கிறார். நீ இல்லாமல் எதற்குச் சிரிக்கிறார் என்றே புரியவில்லை. எல்லாவற்றையும் இருந்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டேன். கூட்டத்துக்கு நீயும் வா. வீடியோவில் அந்த லிஃப்ட் ஆறு பேர் கட்டம் வரும்போது மட்டும் தயவுசெய்து பேசாமல் இரு, அதிலேயே நீ திருத்தியிருக்கிறாய்.