ஏழாம் மாடி விவசாயி

நம் ஆளுடைய அக்காவின் கடலை வயலில் செடிகள் நின்ற நிலையிலேயே சாகின்றனவாம். அக்காவின் ஓரகத்தி தன் மகளிடம் சொல்லி, மகள் தோழியிடம் சொல்லி, தோழி நம் ஆளின் மனைவியிடம் சொல்லி, மனைவி காய் நறுக்கிக்கொண்டே நம் ஆளின் காதில் போட்ட செய்தி இது. இத்தனை வாய் மாறி வந்ததில், யாரோ வயிற்றெரிச்சலில் எதையோ ஊற்றிவிட்டார்கள் என்று ஒரு வாலும் முளைத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் போனை எடுத்து, "என்னக்கா ஆச்சு?" என்று கேட்பார்கள். நம் ஆள் கேட்கிற ரகம் இல்லை. சொல்கிற ரகம்.

இந்த இனத்துக்கு ஏழாம் மாடி விவசாயி என்று பெயர் வைத்துக்கொள்வோம். எத்தனையாவது மாடி என்பது முக்கியமல்ல, காலில் மண் ஒட்டாத உயரமாக இருந்தால் போதும். இவர் கைபேசியில் அக்கா ஊரின் மழை நிலவரம் எந்நேரமும் திறந்தே இருக்கும். தான் இருக்கும் ஊரில் குடை இல்லாமல் போய் நனைந்து வருவார். அலுவலகக் கூட்டத்தில் எல்லோரும் விற்பனையைப் பற்றிப் பேசும்போது, மேசைக்கு அடியில் காற்றின் ஈரப்பதம் பார்ப்பார். இரண்டு மொழியில் படித்தவர் என்பதால் நோயை ஒரு மொழியில் படித்து, மருந்தை இன்னொரு மொழியில் சொல்வார். வழியில் ஏதாவது கொட்டிப் போனால் அவர் பொறுப்பல்ல. மண்ணோடு தொடர்பே இல்லையா என்று கேட்காதீர்கள். கடையில் வாங்கும் உருளைக்கிழங்கில் ஒட்டியிருப்பதை அவர்தான் கழுவுகிறார்.

அவரைச் சும்மா சொல்லக்கூடாது, பாசக்காரர். அக்காவுக்கு ஒன்று என்றால் சோறு இறங்காது. அவ்வளவு தூரத்திலிருந்து மண்வெட்டி பிடிக்க முடியுமா, களை எடுக்க முடியுமா? வாய் ஒன்றுதான் அங்கே போய்ச் சேருகிறது. அதனால் அதை மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

அன்றும் அனுப்பினார்.

"அங்கங்க வாடி நிக்குதுடா தம்பி," என்றாள் அக்கா. "மேல் வயல்லதான். புடுங்கிப் பாத்தேன், அடித்தண்டுல வெள்ளையா நூல் மாதிரி..."

"வாடுதா? தண்ணி பத்தலக்கா."

நூல் பாதியில் அறுந்தது. முதலில் போட்டோ அனுப்பு என்றார். இந்த இனத்தின் போட்டோவுக்கு ஓர் இலக்கணம் உண்டு: வயல் முழுக்கத் தெரிய வேண்டும், மேலிருந்து எடுக்க வேண்டும், பச்சை பளிச்சென்று இருக்க வேண்டும். செடியின் காலடியைக் கேட்கவே மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி முகத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். படம் வந்தது. இரண்டு விரலால் விரித்தார், சுருக்கினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி விரித்தார்.

"தாகம்தான். சாயங்காலம் மோட்டாரப் போட்டு நல்லாத் தண்ணி கட்டிவிடு. செடி சாயாம அடியில மண்ணையும் அணைச்சு விட்டுரு."

"ஈரம் இருக்கேடா."

"மேலதான்க்கா ஈரம். வேருக்குப் போயிருக்காது."

இப்போதுதான் வேரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தவர் போலச் சொன்னார். பின்னாலிருந்து அத்தான் குரல், தம்பி படிச்சவரு, சும்மாவா சொல்வாரு என்றது. அவ்வளவுதான். நம் ஆளுக்குப் பசி எடுத்துவிட்டது.

தட்டு வைத்த மனைவி சொன்னாள்: "பால்கனிச் செடிக்கும் இதத்தான் சொன்னீங்க. இப்ப தொட்டி மட்டுந்தான் இருக்கு."

இந்த இனம் எதைப் பொறுத்தாலும் இதைப் பொறுக்காது. அவள் முகத்துக்கு நேரே நீட்ட ஆதாரம் வேண்டுமென்று ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் தேடினார். கிடைத்தது. தண்டழுகல் என்று தலைப்பு. மண்ணில் இருக்கும் பூஞ்சை அடித்தண்டைப் பிடிக்கும். வெள்ளை நூல் படரும். பிறகு கடுகு போல உருண்டைகள் தோன்றும். செடி தாகத்தில் வாடியதைப் போலவே தெரியும். ஈரம் தேங்கினால் நோய் பெருகும். பாயும் தண்ணீர் அந்தக் கடுகுகளை அடுத்த வயலுக்கும் கொண்டுபோகும். தண்டை ஒட்டி மண் அணைக்கக் கூடாது. நோய் கண்ட செடிகளை அடிமண்ணோடு எடுத்து எரிக்க வேண்டும், சுற்றியுள்ள செடிகளின் தூரில் பூஞ்சைக்கொல்லி ஊற்ற வேண்டும். அறுவடைக்குப் பின் ஆழ உழுது, பயிரை மாற்றி, டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைத் தொழுவுரத்தில் கலந்து போட வேண்டும்.

எழுதியவன் இவர் போனை ஒட்டுக் கேட்டுவிட்டு எழுதினானா?

கை தட்டிலேயே நின்றது. மேல் வயல் வாய்க்கால் நேரே கீழ் வயலில்தான் இறங்கும். கீழ் வயல் இன்னும் நன்றாக இருக்கிறது. அக்கா வீட்டுக்கு இந்தப் போகத்தில் மிச்சம் இருப்பதே அதுதான். இப்போது அங்கே சாயங்காலம், மோட்டார் போடும் நேரம்.

கை கழுவாமலே அழைத்தார். மணி அடித்தது. எடுக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மடை திருப்பப் போகும்போது அக்கா போனை மோட்டார் அறை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவாள்; ஒருமுறை வாய்க்காலில் விழுந்து ஊறிய பிறகு வந்த பழக்கம். அப்படியென்றால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது. அல்லது, தம்பி பேரைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு வேற வேலையில்ல" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செடிகளைப் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா தன்னை மதிக்கவில்லை என்று மாதத்துக்கு ஒருமுறை மனைவியிடம் குறைப்படுகிற மனிதர், அக்கா இன்று ஒரு நாள் தன்னைத் துளிகூட மதித்திருக்கக் கூடாதே என்று உருகி நின்றார். அத்தானுக்கும் போட்டார். அங்கேயும் எடுக்கவில்லை. அத்தான் மரியாதை தெரிந்தவர். தம்பி சொன்னதை அப்படியே செய்துவிடுவார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு வயலும் இல்லை, கடலையும் இல்லை. சரி. நேற்று உங்கள் தங்கை பிள்ளையின் இருமலுக்குப் போனிலேயே ஒன்று சொன்னீர்களே, அவள் "அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்ணே" என்று இழுத்தபோது குறுக்கே விழுந்து? அவள் சொல்ல வந்தது என்ன? இப்போதே கூப்பிட்டுக் கேளுங்கள். எடுக்கிறாளா பாருங்கள்.

நம் ஆள் ஜன்னலோரம் நிற்கிறார். விரல்களில் சோறு காய்ந்துவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.