மாடிப்படியில் கோலமாவு

மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றலை யாரோ புரட்டிப் போட்டிருந்தார்கள். வெள்ளைத்துரைக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"ஏ சின்னத்தாயி, மாடிக்கு யாரு போனா?"

"எனக்கெப்படித் தெரியும்? நானே முட்டியை மாத்திப்போட்டு மொடங்கிக் கெடக்கேன். காக்கா கிளறியிருக்கும்."

"காக்கா இப்படி வரிசையாவா புரட்டும்?"

"பொறுப்பான காக்காவா இருக்கும்" என்றாள் மனைவி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெள்ளைத்துரை வாசல் காவல். வேனில் வந்து இறங்கும் ஆட்களின் மடியைத் தடவி, பீடி, தீப்பெட்டி எதுவும் உள்ளே போகாமல் பிடிக்க வேண்டும். ஊரெல்லாம் செல்போன் வந்த பிறகு அதையும் பிடிக்க வேண்டும். அந்த வேலையில் சந்தேகம் அவருக்கு ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது. வீட்டில் சாம்பாரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வார்.

சின்னத்தாய்க்குச் சித்திரையில் மதுரையில் வைத்து வலது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் மனிதர் அழுத அழுகையை இன்று நினைத்தாலும் அவருக்கே வெட்கமாக இருக்கும். அங்கேயும் ஒரு சந்தேகம். "துணைக்கு இருக்கவுகளுக்கும் முட்டியைப் படம் எடுக்கணுமாம்" என்று சின்னத்தாய் சொல்ல, அவரையும் எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப் போனார்கள். "மூட்டுவலி என்ன ஒட்டுவாரொட்டியா?" என்று கேட்டுக்கொண்டேதான் காலை நீட்டினார்.

"மூட்டைப் புதுசா வச்சாச்சு. இனிமே அது நல்லா மடங்குறதும் மடங்காததும் தொடைச் சதையோட பலத்துலயும் பயிற்சியிலயும்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினார் பெரிய டாக்டர். பயிற்சி கொடுக்க விருதுநகரிலிருந்து செல்வக்குமார் என்ற பிசியோதெரபி தம்பி பைக்கில் வந்து போனார். முதல் நாள் அவர் பையை வாசலிலேயே வாங்கிச் சோதித்துவிட்டுத்தான் வெள்ளைத்துரை உள்ளே விட்டார்.

ஆனி பிறந்தும் சின்னத்தாயின் கால் சரியாக மடங்கவில்லை.

"அக்கா பயப்படுறாக அண்ணாச்சி. நீங்க எதுக்க உக்காந்து செஞ்சு காட்டுனா அதைப் பாத்துச் செய்வாக" என்றார் செல்வக்குமார்.

வெள்ளைத்துரை நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி ஒரு கல்லுப்புப் பொட்டலத்தை அவருடைய இடது கணுக்காலில் கட்டினார்.

"அவளுக்கு வலது காலு. எனக்கு ஏன் எடதுல கட்டுறீக?"

"எதுக்க இருக்கீகள்ல? அக்காவுக்குக் கண்ணாடி மாதிரி தெரியணும்."

நியாயமாகத்தான் பட்டது. வெள்ளைத்துரை பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். இடது முட்டியில் அவருக்கு ரொம்ப நாளாக வாயுப்பிடிப்பு; நிலைப்படியைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார். ஆனால் டாக்டர் என்று யாராவது வாயெடுத்தால், "இந்த வீட்டுல ஒருத்தரு காலை அறுத்தது போதும்" என்று எரிந்து விழுவார். எதிரே சின்னத்தாய் காலை ஒப்புக்கு ஆட்டிக்கொண்டு சீரியலில் மூழ்கியிருந்தாள்.

ஒருநாள் அடுப்படியில் தம்பியும் சின்னத்தாயும் குசுகுசுவென்று பேசுவது வெள்ளைத்துரையின் காதில் விழுந்தது.

"எடது காலு இன்னும் தேறணும்க்கா. பலம் ஏறுனாத்தான் கத்தி வைக்கலாம்."

"அவுகளுக்குத் தெரியாமப் பாத்துக்கங்க தம்பி. தெரிஞ்சா ஊரைக் கூட்டிருவாக."

வெள்ளைத்துரை சத்தம் காட்டாமல் பின்வாங்கினார். அடப்பாவிகளா! வலது கால் ஆறவே இல்லை, அதற்குள் அவளுடைய இடது காலுக்கும் நாள் குறிக்கிறார்களே! கேட்டால் மறைப்பார்கள். கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும். அதுவரைக்கும் அவள் இடது காலுக்கு ஒரு வேலையும் வைக்கக் கூடாது.

அன்றிலிருந்து தண்ணீர்க்குடம் அவர் இடுப்புக்கு ஏறியது. துணி காயப்போட மாடி ஏறினார். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று இன்னொரு பொட்டலம் உப்பையும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"அருமையா வருது அண்ணாச்சி!" என்று தம்பி பாராட்டினார். செய்ய வேண்டியவள் சும்மா இருக்க, இவரை எதற்குப் பாராட்டுகிறான் என்று அதுவும் சந்தேகமாகவே இருந்தது.

இதற்கு நடுவில் மிளகாய் வற்றல் மட்டும் தானாகவே புரண்டுகொண்டிருந்தது. கடைசியில் ஒருநாள், வேலைக்குக் கிளம்பும் முன் மாடிப்படி முழுக்கக் கோலமாவைத் தூவிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வந்து பார்த்தால் படியின் நடுவில் பளிச்சென்று காலடித் தடம். அதை அழித்துவிடாமல் ஓரமாகவே ஏறிப் போய்ப் பார்த்தார். வற்றல் அழகாகப் புரண்டு கிடந்தது. கீழே இறங்கவும் செல்வக்குமாரின் பைக் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பையைக்கூடச் சோதிக்காமல் தம்பியின் கையைப் பிடித்துப் படிக்கு இழுத்து வந்தார்.

"பாருங்க! படிக்கு ஒரு காலா வச்சுக் குமரிப்புள்ள கணக்கா ஏறியிருக்கா! வலது காலு நல்லாருச்சு. அப்பறம் எதுக்கு நொண்டுற மாதிரி நடிப்பு? எடது காலையும் அறுக்கத்தானே திட்டம் போடுறீக? நான் உசுரோட இருக்க வரைக்கும் அவளை இன்னொருக்கா அந்த மேசையில படுக்க விட மாட்டேன்!"

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது.

சின்னத்தாய் இத்தனை நாளாக ஊன்றி நடந்த கம்பை மூலையில் சாத்திவிட்டு, விறுவிறுவென்று நடந்து வந்தாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே மறைக்க முடியாது. சொல்லிருங்க தம்பி."

செல்வக்குமார் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரலை நீட்டினார்.

"நடுவுல ஏறுனது அக்கா. இங்கன ஓரத்துல, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வச்சு நின்னு நின்னு ஏறியிருக்கது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன இப்ப?"

"ஆபரேசனுக்கு முந்தியே தொடைக்குப் பலம் ஏத்திரணும்னு பெரிய டாக்டரு சொல்லிவிட்டாரு; அக்கா காலு எப்பவோ நல்லாருச்சு அண்ணாச்சி, இம்புட்டு நாளா நான் வந்ததெல்லாம் உங்க எடது காலுக்கு."